வளர்ப்பு ஆமைக்குத் தண்ணீர்த் தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் தரை ஆமை வளர்க்கும் சிலர் என்னிடம் அவ்வப்போது சந்தேகம் கேட்பார்கள். தீனியைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். தண்ணீர் என்றால் “ஏதோ ஒரு கிண்ணம் வச்சிருக்கோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் பேசிக்கொண்டே போனால், ஆமைக்கு வந்த பாதித் தொல்லை அந்தக் கிண்ணத்தில்தான் தொடங்கியிருக்கும். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்க வீட்டுல இருக்கிறது தரை ஆமையா தண்ணி ஆமையான்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்க?

காலைப் பாருங்கள். யானைக்கால் போலத் தூணாக இருந்து, விரல்களுக்கு நடுவே சவ்வு இல்லாமல் இருந்தால் தரை ஆமை. விரல்களுக்கிடையே சவ்வு, தட்டையான ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது சிவப்புக்காது ஆமை. வளர்ப்பு மீன் கடைகளில் குஞ்சாக விற்பது பெரும்பாலும் அதுதான். அதற்கு நீந்தும் அளவுக்குத் தண்ணீரும், ஏறி வெயில் காய ஒரு மேடும் வேண்டும். இங்கே சொல்லும் தட்டு அதற்கு உதவாது. வளர்க்க முடியவில்லை என்று அதைக் குளத்திலோ பழையாற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் குளத்தாமைகளின் இடத்தையும் தீனியையும் அது பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பக்கம் முழுவதும் தரை ஆமைக்கானது. தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் தானாகவே புரியும்.

ரப்பர் தோட்டத்துல ஒரு ஆமை கிடைச்சுது. அதுக்கு என்ன தட்டு வைக்கலாம்?

தட்டு வைக்க வேண்டாம், வனத்துறையிடம் சொல்லுங்கள். மலையோரத் தோட்டங்களில் திருவிதாங்கூர் ஆமை இருக்க வாய்ப்புண்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இனம். அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கிறது. நட்சத்திர ஆமையைப் பன்னாட்டு வணிகத்திலும் 2019-இல் மிகக் கடுமையான பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். “ஐஸ்வரியம்” என்று யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள்.

சல்காட்டா, சிறுத்தை ஆமை, சிவப்புக்கால் ஆமை போன்றவை வெளிநாட்டு இனங்கள். இவற்றை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் வாங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், தட்டு அப்புறம்.

சல்காட்டா பாலைவன ஆமைதானே? கீரையில இருக்கிற ஈரம் போதாதா?

போதாது. சல்காட்டா செனகலில் இருந்து எத்தியோப்பியா வரை சகாராவின் தென்விளிம்பில் வாழ்வது. வறண்ட இடம்தான். ஆனால் அங்கே அது வெயில் நேரத்தை ஆழமான வளைக்குள் கழிக்கிறது. வளைக்குள் ஈரம் தங்கும். நம் வீட்டு மொட்டை மாடியிலோ டைல்ஸ் போட்ட வராந்தாவிலோ அந்த வளை கிடையாது. மழை பெய்தால் தேங்கிய நீரில் தலையை அமிழ்த்தி வெகுநேரம் குடிக்கும் பிராணி அது. தண்ணீர் இல்லாமல் சமாளிக்கும் என்பதற்காகத் தண்ணீர் வேண்டாம் என்று ஆகிவிடாது.

குஞ்சுகளுக்கு இது இன்னும் முக்கியம். 2003-இல் வீஸ்னர், இபென் என்ற இருவர் சல்காட்டாக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். உலர்ந்த காற்றில் வளர்ந்தவற்றின் ஓடு மேடு மேடாக எழும்பியது. தீனியில் இருந்த புரதத்தைவிட ஈரப்பதம்தான் பெரிய காரணமாகத் தெரிந்தது. தட்டு ஒன்றே காற்றை ஈரமாக்கிவிடாது. ஆனால் உடம்பிலும் சுற்றிலும் ஈரம் இருக்க வேண்டும் என்பதற்கு முதல் படி அதுதான்.

தண்ணி எவ்வளவு ஆழம் இருக்கணும்? மூழ்கிடுமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது. ஆமை நாய் மாதிரி நக்கிக் குடிக்காது. முகத்தை நீருக்குள் அமிழ்த்தி, தொண்டை ஏறி இறங்க உறிஞ்சும். அதற்கு மூக்கு நனையும் ஆழம் வேண்டும். அதே சமயம் சும்மா நிற்கும்போது தாடைக்கு மேல் நீர் வரக் கூடாது.

எளிய அளவு இது: ஆமையைச் சமதரையில் நிற்க வைத்து, மேலோடும் அடியோடும் சேரும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நீர் அதைத் தாண்டக் கூடாது. கைக்குள் அடங்கும் குஞ்சுக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். ஒரு சாண் நீள ஆமைக்கு மூன்று சென்டிமீட்டர். முழுதாக வளர்ந்த சல்காட்டாவுக்கும் ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் தேவையில்லை. வளர வளர மறுபடி அளந்து பாருங்கள்.

அகலம்?

உள்ளே இறங்கி, திரும்பி, அதே வழியில் ஏறி வரும் அளவு. ஆமையின் நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விட்டம் இருந்தால் தாராளம்.

சரி, கடையில போய் என்னன்னு கேட்டு வாங்கணும்?

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு. நான் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். வண்ணம் பூசாத, பளபளப்பு ஏற்றாத, சுட்ட மண் தட்டு. ஆழம் குறைவு, அகலம் அதிகம், ஆமையின் நகம் பிடிக்கும் சொரசொரப்பு, விலையும் மலிவு. ஆமைக்கென்றே கல் மாதிரி வார்த்து விற்கும் பிசின் தட்டுகளைவிட இது எனக்குப் பிடிக்கும். அவற்றில் பல பார்க்க அழகு. ஆனால் உள்சுவர் செங்குத்தாக இருக்கும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, விளிம்பு. விரலால் சுற்றிலும் தடவினால் கூர்மையோ விரிசலோ தட்டுப்படக் கூடாது. இரண்டு, சரிவு. விளிம்பு நேராக எழும்பாமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மூன்று, நிறம். நர்சரிகளில் தட்டு செக்கச்செவேல் என்று தெரிய மேலே காவி பூசி வைத்திருப்பார்கள். வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேயுங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் விட்டுவிடுங்கள். கீழே தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கும் தட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஓட்டை உள்ளதை வாங்கி வந்தவர்கள் உண்டு.

புது மண்சட்டியைப் பழக்குவது போல இதையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவிவிட்டு வையுங்கள். மண் தட்டு நீரைக் கொஞ்சம் உறிஞ்சும், கசியும். ஆரல்வாய்மொழி மாதிரிக் காற்றடிக்கும் இடமென்றால் காலையில் ஊற்றியது மத்தியானத்துக்குள் நன்றாக இறங்கிவிடும். அதற்குத் தட்டை மாற்ற வேண்டாம், ஒரு தடவை கூடுதலாக ஊற்றினால் போதும்.

பழைய உருளி ஒண்ணு சும்மா கிடக்கு. எவர்சில்வர் தட்டும் இருக்கு. அதுல வச்சா என்ன?

உருளியின் உள்பக்கம் வழவழப்பு, ஓரம் குழிந்து ஏறும். இறங்கிய ஆமை ஏற முடியாமல் சறுக்கும், சறுக்கினால் மல்லாந்துவிடும். அதோடு அது செம்பு கலந்த உலோகம். நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும் பாத்திரமாக அதை ஆமைக்கு வைக்க வேண்டாம்.

எவர்சில்வர் தட்டில் நஞ்சு கிடையாது. ஆனால் வெயிலில் கொதிக்கும், காலும் வழுக்கும். நிழலில், அடியில் தட்டையான கூழாங்கற்களைப் பரப்பி வைத்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். கல் ஆமையின் வாயில் நுழைய முடியாத அளவு பெரிதாக இருக்க வேண்டும், சிறு கல்லை விழுங்கிவிடும். பிளாஸ்டிக் தட்டு எடை இல்லாததால் கவிழும், ஓரத்தைக் கடித்துத் துண்டும் எடுத்துவிடும். சிரட்டை உருளும், குறுகலும்கூட, இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். அதை விட்டுவிடலாம்.

மண் தட்டுதான் வச்சேன். தினமும் கவிழ்த்துப் போட்டுட்டுப் போகுது. என்ன செய்ய?

தட்டைத் தரைக்கு மேல் வைத்திருப்பீர்கள். தரைக்குள் இறக்குங்கள். தட்டின் விளிம்பும் மண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஆமை அதைப் புரட்ட வழியே இல்லை. அது நேராக நடந்து உள்ளே போகும், நேராக நடந்து வெளியே வரும். குஞ்சு ஆமை ஏறிக் குதிக்கும்போது மல்லாக்க விழும் ஆபத்தும் இதோடு போய்விடும்.

முற்றத்தில் என்றால் தட்டைவிட ஐந்து சென்டிமீட்டர் ஆழமாகத் தோண்டி, அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் போட்டு, அதன்மேல் தட்டை உட்கார வையுங்கள். சிந்துகிற நீர் அடியில் இறங்கிவிடும், சுற்றிலும் சேறாகாது. வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கிறீர்கள் என்றால் தென்னை நார்க்கழிவை விளிம்புவரை நிரப்புங்கள். டைல்ஸ் தரையில் வேறு வழியில்லை என்றால் தட்டைச் சுற்றி செங்கலை அணைத்து, ஒரு பக்கம் ஓட்டுத் துண்டைச் சாய்த்துச் சரிவு கொடுங்கள்.

எந்த இடத்துல வைக்கணும்? நிழல்லயா வெயில்லயா?

நிழலில், ஆமை வெயில் காயும் இடத்திலிருந்து நாலெட்டு தூரத்தில். தீனி போடும் இடத்துக்கு ஒட்டி வைக்காதீர்கள், கீரை விழுந்து அழுகும்.

நிழல் தரும் மரம் எது என்பதுதான் பலரும் கவனிக்காத விஷயம். வேலியோரம் அரளி நட்ட வீடுகள் நம் பக்கம் நிறைய. தோவாளைப் பக்கம் பூவுக்காகவே அரளி போட்டிருப்பார்கள். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. அது விழுந்து ஊறிய தண்ணீரும் நஞ்சு. எருக்கும் அப்படித்தான். செம்பருத்தி நிழல் என்றால் கவலையே இல்லை, விழுந்த பூவை ஆமை தின்றுவிட்டுப் போகும்.

எங்க வீடு கடற்கரைப் பக்கம். கிணத்துத் தண்ணி உப்பு. அதையே கொடுக்கலாமா?

நீங்கள் குடிக்காத தண்ணீரை அதற்கும் கொடுக்காதீர்கள். ஆமையின் சிறுநீரகத்துக்கு உப்பு சுமை. குடிக்க வாங்குகிற குழாய் நீரிலோ கேன் நீரிலோ ஒரு லிட்டர் ஒதுக்கினால் சின்ன ஆமைக்குத் தாராளம். தட்டைக் கழுவ உப்புத் தண்ணீர் போதும், கடைசி அலசல் மட்டும் நல்ல நீரில்.

குழாய் நீரில் குளோரின் வாடை வந்தால் வாளியில் திறந்து வைத்து மறுநாள் ஊற்றுங்கள். மழைக்குப் பிறகு கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் வாடை போகும்வரை பொறுங்கள்.

தினமும் மாத்தணுமா? ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போதாதா?

தினமும். கலங்கினால் அன்றைக்கே மறுபடியும். மாற்றும்போது பழைய நீரின்மேல் புது நீரை ஊற்றாதீர்கள். முழுவதும் கொட்டிவிட்டு, உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் தெரியும். கிருமி வளர்வது அந்தப் படலத்தில்தான். அதைத் தேய்த்து எடுக்காமல் தண்ணீரை மட்டும் மாற்றுவதில் பலன் இல்லை.

கொசுவும் ஒரு காரணம். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையைப் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிவைக்கும், அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அதனால் கொட்டுவது மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும்.

கழுவ சோப்பு போடலாமா?

தினப்படிக்கு தேங்காய் நாரும் தண்ணீரும் போதும். வாரம் ஒரு நாள் வினிகர் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் வெள்ளையாகப் படியும் உப்புக்கறையும் போகும். பிறகு நல்ல வெயிலில் காயவையுங்கள். இரண்டு தட்டு வாங்கி மாற்றி மாற்றி வைத்தால் ஒன்று எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். பினாயிலும் டெட்டாலும் கூடவே கூடாது. மண் தட்டு அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். சோப்புக்கும் அதே குறைதான்.

சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஆமையின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். அது ஆமைக்கு நோய் தராமலே நமக்கு வயிற்றுப்போக்கைத் தரும். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-இலேயே தடை போட்டதற்குக் காரணம், பிள்ளைகளுக்கு இந்தக் கிருமி தொற்றியதுதான். வெளியே கழுவி, தண்ணீரை வாழை மூட்டில் ஊற்றுங்கள். கீரைப் பாத்தியில் வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள்.

இறங்கின உடனே தண்ணிக்குள்ளேயே வெளிக்கி போயிடுது அண்ணாச்சி. தட்டையே எடுத்துடலாமான்னு இருக்கு.

எடுக்காதீர்கள். தண்ணீரில் இறங்கினால் ஆமைக்குக் கழிவு இறங்கும். அது நல்ல அடையாளம். உடனே கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்றுங்கள், வேறு வேலையில்லை.

கொட்டும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். கழிவோடு வெள்ளையாக ஒன்று வரும், அது யூரேட், சிறுநீரில் வரும் உப்புக் கழிவு. குழைந்த சுண்ணாம்பு போல மிருதுவாக இருந்தால் உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறது. ஒரு குச்சியால் நசுக்கும்போது மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் நீர் பற்றவில்லை. பல நாள் அப்படியே விட்டால் உள்ளே கல்லாகத் திரண்டுவிடும். மருத்துவரிடம் போகும்போது அவர் கேட்கும் முதல் சில கேள்விகளில் இதுவும் இருக்கும், அதனால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது குடிக்கிறதை நான் பார்த்ததே இல்லை. குடிக்குதா இல்லையா?

ஆள் பார்க்கும்போது பல ஆமைகள் குடிக்காது. மேலே சொன்ன யூரேட் மிருதுவாக இருந்து, கண் குழி விழாமல் இருந்தால் எங்கிருந்தோ நீர் போய்க்கொண்டிருக்கிறது. கண் உள்வாங்கி, வாயில் எச்சில் நூலாக இழுத்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

தட்டுப் பக்கமே போகவில்லை என்றால் தட்டு உயரமாக இருக்கலாம், வழுக்கலாம், அல்லது மத்தியான வெயிலில் நீர் சுட்டிருக்கலாம். காலையில் அது சோம்பல் முறித்து நடக்கும் பாதையிலேயே இறக்கி வையுங்கள். பெரும்பாலும் இது போதும்.

தட்டு வச்சாச்சு. இனி தனியா தண்ணியில உட்கார வைக்க வேண்டாம்தானே?

குஞ்சுகளுக்கு வேண்டும். முதல் ஒரு வருடம் தினமும் பதினைந்து, இருபது நிமிடம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் உட்கார வையுங்கள், மேலே சொன்ன அதே ஆழத்தில். குஞ்சு உடம்பில் நீர் சீக்கிரம் வற்றும், தட்டைத் தேடிப் போகும் பழக்கமும் அதற்கு இன்னும் வந்திருக்காது. அதற்கென ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தனியாக வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். பெரிய ஆமைக்கு வாரம் ஒரு முறை போதும். தட்டில் தானே இறங்கி உட்காரும் ஆமை என்றால் அதுவும் கட்டாயம் இல்லை.

வெயில் நேரம் இளநீர் ஊத்தலாமா? குளுக்கோஸ்?

வேண்டாம். இளநீரில் பொட்டாசியமும் சர்க்கரையும் அதிகம். தாவரத்தைச் செரிக்கும் கிருமிகள் வாழும் குடலுக்கு சர்க்கரை ஒத்துவராது. தட்டில் ஊற்றினால் சீக்கிரம் புளித்து எறும்பு மொய்க்கும். வைட்டமின் சொட்டும் தண்ணீரில் கலக்காதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, வாடை பிடிக்காமல் ஆமை குடிப்பதையே நிறுத்தினாலும் நிறுத்தும். மருத்துவர் சொன்னால் தீனியில் கொடுங்கள்.

ஆமை பெருசாயிடுச்சு, எந்தத் தட்டும் பத்தல. சிமெண்டுல நாமளே கட்டலாமா?

கட்டலாம், கட்டித்தான் ஆக வேண்டும். சல்காட்டா நாற்பது ஐம்பது கிலோ வரை வளரும். நிலப்பரப்பில் வாழும் தரை ஆமைகளில், தீவு ஆமைகளை விட்டால், இதுதான் பெரியது. அந்த எடை ஏறி நின்றால் மண் தட்டு உடையும்.

ஒரு மீட்டர் அகலத்தில் ஆழமில்லாத குழி எடுங்கள். நடுவில் ஏழு சென்டிமீட்டர், அங்கிருந்து விளிம்புவரை மெல்ல ஏறும் சரிவு. ஒரு பங்கு ஏற்றத்துக்கு நான்கு பங்கு நீளமாவது இருந்தால்தான் நனைந்த காலோடு சிரமமில்லாமல் ஏறும். இது முடிந்த தொட்டியின் அளவு. சிமெண்டின் கனத்துக்கு இன்னும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாகத் தோண்டுங்கள். அடிமண்ணை இடித்து இறுக்கி, கோழிவலையை விரித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூசுங்கள். எம்-சாண்ட் போதும். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம், அதிலிருக்கும் உப்பு கம்பியையும் அரிக்கும், தண்ணீரிலும் இறங்கும். தாழ்ந்த இடத்தில் ஒரு அங்குலக் குழாயை வைத்து வாழைப் பக்கம் விட்டு, முனையில் மூடி போடுங்கள். இதைச் செய்யாமல் கட்டினால் தினமும் கோரிக் கொட்ட வேண்டியிருக்கும். ஒரு மாதத்தில் சலித்துப்போய் நீரை மாற்றுவதையே விட்டுவிடுவீர்கள்.

பூச்சு இறுகும் முன் ஈர்க்கு வாரியலை ஒரு முறை குறுக்காக இழுங்கள். மெல்லிய வரிகள் விழும், கால் வழுக்காது. அதற்கு மேல் சொரசொரப்பாக விட்டால் ஆமையின் அடி ஓடு தேயும்.

அவசரப்படக் கூடாத இடம் இனிமேல்தான். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். அந்த நீர் ஆமையின் கண்ணையும் தோலையும் எரிக்கும், குடித்தால் வாயும் தொண்டையும் புண்ணாகும். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு நனையுங்கள். பிறகு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, தினமும் திறந்துவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மீன் தொட்டிக் கடையில் பிஎச், அதாவது நீரின் காரத்தன்மை, பார்க்கும் காகிதம் கிடைக்கும். ஒரு நாள் நின்ற தொட்டி நீரும் குழாய் நீரும் ஒரே நிறம் காட்டிய பிறகு ஆமையை விடுங்கள். பெயிண்ட் எதுவும் அடிக்காதீர்கள்.

மயிலாடியில சிற்பிங்ககிட்ட சொல்லி கல்லுல கொத்தி வாங்கினா நல்லா இருக்குமா?

வசதி இருந்தால் அதைவிட நல்லது இல்லை. கனம் அதிகம், கவிழாது, சுண்ணாம்புப் பிரச்சினை கிடையாது, உங்கள் காலத்துக்கும் நிற்கும். சல்காட்டா ஐம்பது வருடத்துக்கு மேலும் வாழும் என்பதால் இது வீண் செலவு இல்லை. சிற்பியிடம் இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்லுங்கள்: கிண்ணம் போலக் குழிக்காமல் தட்டுப் போலச் சரிக்க வேண்டும், உள்பக்கம் பாலிஷ் கூடாது. உளி பட்ட தடம் அப்படியே இருக்கட்டும். கருங்கல் வெயிலைப் பிடித்து வைக்கும், அதனால் முழு நிழலில் வையுங்கள்.

கொசு ஒழிப்புக்கு வர்றவங்க தட்டுல மருந்து ஊத்திட்டுப் போறாங்க. அதைக் குடிச்சா?

அபேட் ஊற்றியிருப்பார்கள். அது கொசுப்புழுவுக்கான பூச்சிமருந்து, ஆமை குடிக்கும் நீரில் வேண்டாம். வந்தவர்களிடம் சண்டை போடாதீர்கள், அவர்கள் செய்வது நமக்கான வேலை. அவர்கள் முன்னாலேயே தட்டைக் கொட்டிக் காட்டுங்கள், புழு இல்லாத வெறும் தட்டில் யாரும் மருந்து ஊற்றப்போவதில்லை. ஊற்றிவிட்டார்கள் என்றால் மண் தட்டை மாற்றிவிடுங்கள், சிமெண்டுத் தொட்டியைப் பலமுறை நிரப்பித் திறந்துவிடுங்கள். புகை அடிக்கும் நாளில் தட்டைக் கவிழ்த்து வைத்து, முடிந்தபின் கழுவி நிரப்புங்கள்.

ஆனி ஆடி, ஐப்பசி கார்த்திகைன்னு நமக்கு ரெண்டு மழை. அப்போ தட்டே தேவையில்லையே?

மழை நீரை ஆமை ஆசையாகக் குடிக்கும், உண்மைதான். ஆனால் தரைமட்டத்தில் இறக்கிய தட்டில் முற்றத்துச் சேறும், எலி போன இடத்து நீரும் வந்து விழும். நம் பக்கம் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வருவது தெரிந்ததுதானே. அந்த நாட்களில் தட்டைக் கையுறை போட்டுக் கழுவுங்கள். மழை நீர் வழிந்து வரும் பக்கத்தில் ஒரு சிறு வரப்பு போடுங்கள். மேலே கூரை இருந்தால் தண்ணீரின் ஆழமும் அதிகமாகாது. கூரை இல்லையென்றால் இரண்டு மணி நேரம் கொட்டிய மழையில் மூன்று சென்டிமீட்டர் எளிதாக ஆறு சென்டிமீட்டர் ஆகிவிடும், ஆழத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் அப்போது வீண்.

ராத்திரியில் சல்காட்டாவை ஈரத்தில் படுக்க விடாதீர்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மூக்கில் குமிழி வரும், அப்புறம் நுரையீரல் வரை போகும். சிவப்புக்கால் ஆமை தென்னமெரிக்கக் காட்டு இனம், ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும்.

ரெண்டு ஆமை இருக்கு. ஒரே தட்டு போதுமா?

இரண்டு தட்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத மாதிரி. பெரியது தட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சின்னதை விடாது. சின்னதின் மேல் ஏறவும் செய்யும். புதிதாக வந்த ஆமை என்றால் சில மாதம் தட்டு, தேய்க்கும் நார் எல்லாமே தனி.

நாலு நாள் ஊருக்குப் போறோம். பெரிய பாத்திரத்துல நிறைய ஊத்தி வச்சிட்டுப் போனா போதுமா?

நிறைய ஊற்றுவது என்றால் ஆழம் கூடும், அதுதான் ஆபத்து. இரண்டாம் நாளே அதில் கழிவும் கலந்திருக்கும். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் தினமும் ஒரு முறை கொட்டி ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை என்று தட்டின் உள்ளே பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போங்கள். வாயால் சொல்வதைவிட அந்தக் கோடு உதவும்.

தண்ணிக்குள்ள மல்லாந்து கிடந்துச்சு. எடுத்தா அசையல. என்ன செய்யணும்?

உடனே எடுத்து, வயிறு கீழே இருக்கும்படி பிடித்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். கழுத்தை மெதுவாக வெளியே நீட்டிப் பிடித்தால் வாய், மூக்கு வழியாக நீர் வடியும். மல்லாக்கப் போடாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அசையவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று முடிவு செய்யவும் வேண்டாம். ஆமையால் மூச்சில்லாமல் நெடுநேரம் தாங்க முடியும்.

அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நடக்க ஆரம்பித்துவிட்டாலும் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் நுரையீரலில் தங்கிய நீரால் சில நாள் கழித்துச் சளி பிடித்து மோசமாகலாம். எல்லா மருத்துவர்களும் ஆமை பார்ப்பதில்லை. உங்கள் பக்கம் யார் பார்ப்பார் என்று இப்போதே விசாரித்து, அவர் எண்ணைப் போனில் போட்டு வையுங்கள்.